கழுத்துக் கறுப்பும் வராத பருவமும்: எக்ஸ் குரோமோசோமில் விடுபட்ட ஒரு துண்டு

பையனுக்கு எட்டு வயது. கழுத்தின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழே, கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருக்கிறது. அம்மா தினமும் சோப்பும் நாருமாகத் தேய்க்கிறார், "கழுத்தைத் தேய்ச்சுக் குளிடான்னு எத்தனை தடவை சொல்றது" என்று திட்டும் விழுகிறது. தேய்த்தால் அந்த இடம் சிவக்கிறது, எரிகிறது, ஒன்றிரண்டு நாளில் அதே கறுப்பு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் கேலி செய்கிறான். இத்தனைக்கும் அங்கே அழுக்கு என்று எதுவுமே இல்லை. உதிர்ந்துபோயிருக்க வேண்டிய பழைய தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு எக்ஸ் சார்ந்த இக்தியோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் இக்தீஸ் என்றால் மீன். தோல் செதில் செதிலாக இருப்பதால் வைத்த பெயர். ஒரு குழந்தையின் நோய்க்கு மீன் பெயரை வைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஏறக்குறைய 6000 ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது என்பார்கள், சில கணக்குகளில் 2000-க்கு ஒருவர் வரை போகும். பெண்களுக்கு வருவது மிக மிக அரிது.

இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தோல் மட்டும்தான் பிரச்சினை. ஆனால் மிகச் சிலருக்குத் தோலோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் மகரக்கட்டு உடைந்து மீசை அரும்பும்போது இந்தப் பையன் மட்டும் சின்னப் பையனாகவே நிற்பான். பிறந்ததிலிருந்தே வாசனையும் தெரிந்திருக்காது. இதைக் கால்மன் சிண்ட்ரோம் என்கிறார்கள். தோல் எங்கே, மூக்கு எங்கே, ஆண் ஹார்மோன் எங்கே? மூன்றுக்கும் உடம்புக்குள் என்ன தொடர்பு என்று தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். தோல் பிரச்சினைக்குக் காரணமான மரபணுவும் மற்ற இரண்டுக்கும் காரணமான மரபணுவும் குரோமோசோமில் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த அக்கம்பக்கம்தான் தொடர்பு.

முதலில் தோலைப் பார்ப்போம். நம் தோலின் வெளி அடுக்கு முழுக்கச் செத்த செல்கள். அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, கொஞ்ச நாள் கவசமாக இருந்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்துவிடும். எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான், யாரும் கவனிப்பதில்லை. செத்த செல்கள் ஒன்றோடொன்று புரதத் தையல்களால் கோத்திருக்கும். அவை உதிர வேண்டுமென்றால் அந்தத் தையலைப் பிரிக்க வேண்டும், அதற்கென்றே கத்திரிக்கோல் மாதிரி வேலை செய்யும் நொதிகள் அங்கே இருக்கின்றன. இந்தக் கத்திரிக்கோல்களை அடக்கிவைக்கும் ஒரு பொருளும் அங்கேயே உண்டு, அதன் பெயர் கொலஸ்ட்ரால் சல்ஃபேட். செல் மேலே வர வர, ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்ற இன்னொரு நொதி அதிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றிவிட்டு வெறும் கொலஸ்ட்ராலாக மாற்றும். அடக்கிவைத்த கை விலகியதும் கத்திரிக்கோல்கள் வேலையை ஆரம்பிக்கும், தையல் பிரியும், செல் உதிரும். அந்த வெறும் கொலஸ்ட்ராலும் வீணாவதில்லை, செல்களுக்கு நடுவே பூச்சு மாதிரி நின்று ஈரம் வெளியே போகாமல் காக்கும்.

இந்த நோயில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் கிடையாது. கொலஸ்ட்ரால் சல்ஃபேட் பல மடங்கு தேங்கிவிடுகிறது, தையல் பிரிவது தாமதமாகிறது, செத்த செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு பழுப்புச் செதில்களாகத் தெரிகின்றன. கொலஸ்ட்ரால் என்ற பெயரைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்துவிட வேண்டாம். தட்டில் வரும் கொலஸ்ட்ராலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செதில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பார்த்தாலே அனுபவமுள்ள தோல் மருத்துவருக்குப் பாதி புரிந்துவிடும். கழுத்து, வயிறு, முதுகு, கால்களில் முழங்காலுக்குக் கீழே என்று தெளிவாகத் தெரியும். முகம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். முழங்கையின் உட்பக்கமும் முழங்காலின் பின்பக்கமும் அநேகமாகத் தப்பித்துவிடும். அப்புறம் உள்ளங்கை. இதைவிடப் பரவலான இன்னொரு இக்தியோசிஸ் உண்டு, அதில் உள்ளங்கை ரேகைகள் வழக்கத்தைவிட அதிகமாகவும் ஆழமாகவும் இருக்கும். எக்ஸ் சார்ந்த வகையில் உள்ளங்கை சாதாரணமாகவே இருக்கும். அதனால்தான் கழுத்தைக் காட்டப் போனவனிடம் மருத்துவர் கையை விரித்துக் காட்டச் சொல்கிறார்.

வெயில் காலத்தில் செதில் குறையும், குளிரும் வறண்ட காற்றும் வந்தால் கூடும். பிறந்த சில வாரங்களிலேயே மெல்லிய உரிதலாக ஆரம்பித்துப் போகப் போகக் கருமையாகும். சிலருக்குக் கண்ணின் கருவிழியில் ஆழத்தில் பொடிப்பொடியான மங்கல்கள் இருக்கும், அவை பார்வையைத் தொடுவதில்லை. விளக்கு வைத்துப் பரிசோதிக்கும் கண் மருத்துவர் சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு துப்பு குழந்தை பிறக்கும் முன்பே கிடைத்திருக்கும், யாரும் இரண்டையும் இணைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நஞ்சுக்கொடி அம்மாவின் உறுப்பு என்றுதான் பலர் நினைக்கிறோம், ஆனால் அதன் பெரும்பகுதி குழந்தையின் செல்களிலிருந்து உருவாவது. குழந்தைக்கு இந்த நொதி இல்லையென்றால் நஞ்சுக்கொடிக்கும் இல்லை. குழந்தையின் அட்ரினல் சுரப்பி அனுப்பும் சல்ஃபேட் ஒட்டிய ஹார்மோனிலிருந்து சல்ஃபேட்டைக் கழற்றி ஈஸ்ட்ரியால் என்ற கர்ப்ப கால ஹார்மோனைத் தயாரிப்பது நஞ்சுக்கொடியின் வேலை, அது நடக்காமல் அம்மாவின் ரத்தத்தில் ஈஸ்ட்ரியால் மிகக் குறைவாக இருக்கும். கர்ப்ப காலப் பரிசோதனையில் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பெரிய கோளாறோ என்று வீடே பயப்படுவதும் உண்டு. நாள் கடந்தும் வலி வராமல், அல்லது வலி வந்தும் சரியாக முன்னேறாமல், அறுவை செய்து குழந்தையை எடுத்திருப்பார்கள். நஞ்சுக்கொடியில் இந்த நொதி இல்லாத நிலையை 1969-இலேயே கண்டுவிட்டார்கள், தோல் நோய்க்கும் அதே நொதிதான் காரணம் என்பது 1978-இல்தான் தெரிந்தது. ஒரே குறைபாட்டை மகப்பேறு மருத்துவர்கள் ஒரு பக்கமும் தோல் மருத்துவர்கள் மறு பக்கமும் ஒன்பது வருடம் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, ஆண் ஹார்மோனுக்கு வருவோம். இங்கே பலரும் ஒரு தவறான கணக்குப் போடுவார்கள். நொதியின் பெயரிலேயே ஸ்டீராய்டு இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் ஒரு ஸ்டீராய்டு, அப்படியானால் நொதி இல்லாதவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்துதானே ஆகவேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விரைகள் கொலஸ்ட்ராலில் ஆரம்பித்து டெஸ்டோஸ்டிரோன் வரை எல்லாவற்றையும் தாங்களே செய்துகொள்கின்றன, சல்ஃபேட் கழற்றும் இந்த வழியை அவை பெரிதாக நம்பியிருப்பதில்லை. அதனால் தோல் நோய் மட்டும் உள்ள பெரும்பாலான ஆண்கள் நேரத்துக்குப் பருவமடைகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். சிலருக்கு விரை கீழிறங்காமல் இருப்பது கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகிறது, கவனச் சிதறலும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டியும் மற்ற பையன்களைவிடக் கூடுதல். இவற்றை மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. மகனின் தோல் நோய் தெரிந்ததும் அவனுக்குக் கல்யாணமே ஆகாது என்கிற அளவுக்குப் போகிறவர்கள் உண்டு, அதற்கு இடமில்லை.

பருவமே வராமல் போவது வேறு கதை, அது மூக்கில் தொடங்குகிறது.

பருவமடைவதற்கான முதல் உத்தரவு மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து வருகிறது. அங்கே சில நரம்பு செல்கள், மொத்தமே ஒன்றிரண்டு ஆயிரம் என்பார்கள், ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அது மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியைத் தட்டும், பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்பும், அவை விரைகளைத் தட்டி டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுவையும் உண்டாக்கும். விட்டுவிட்டுத் தட்டுவதுதான் முக்கியம். இதே ஹார்மோனை இடைவெளி இல்லாமல் செலுத்தினால் பிட்யூட்டரி அடங்கிப்போய்விடும், புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தவே அந்தத் தந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த ஒன்றிரண்டு ஆயிரம் செல்கள் பிறப்பது மூளைக்குள் இல்லை. கருவின் மூக்கு உருவாகும் இடத்தில் பிறக்கின்றன. கரு உருவாகி ஆறு வாரம் வாக்கில் அங்கிருந்து கிளம்பி, மோப்ப நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டே மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடை மாதிரி இருக்கும் எலும்புப் பகுதி வழியாக ஏறி, மூளைக்குள் நுழைந்து, ஹைப்போதலாமஸில் போய் அமர்கின்றன. மோப்ப நரம்புக்கு வழிகாட்டுவது அனோஸ்மின் என்ற புரதம். அந்தப் புரதம் இல்லையென்றால் மோப்ப நரம்பு மூளையைத் தொடாமல் நடுவழியில் சுருண்டுவிடும், மூளையில் மோப்பத்துக்கான குமிழ் உருவாகாது, இழையைப் பிடித்துக்கொண்டு வந்த ஜிஎன்ஆர்எச் செல்களும் வாசலிலேயே நின்றுவிடும். வாசனை தெரியாததும் பருவம் வராததும் ஒரே பயணம் தடைபட்டதன் இரண்டு விளைவுகள்.

மோப்பக் குமிழ் இல்லாத, விரைகள் வளராத ஒரு மனிதரைப் பற்றி ஸ்பெயின் நாட்டு உடற்கூறியல் வல்லுநர் அவுரேலியானோ மாயெஸ்த்ரே டே சான் ஹுவான் 1856-இலேயே எழுதிவைத்தார். 1944-இல் ஃப்ரான்ஸ் கால்மன் இது குடும்பங்களில் வழிவழியாக வருவதைக் காட்டினார், பெயரும் அவருக்கே போனது. இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்பது மட்டும் புதிராகவே இருந்தது. 1989-இல் 19 வாரக் கரு ஒன்றைப் பரிசோதித்தபோது ஜிஎன்ஆர்எச் செல்கள் மூளைக்குள் ஒன்றுகூட இல்லை, எல்லாம் சல்லடை எலும்பை ஒட்டி மூளைக்கு வெளியே கூட்டமாகத் தேங்கிக் கிடந்தன. அந்தக் கருவின் எக்ஸ் குரோமோசோமில் நுனியருகே ஒரு துண்டு இல்லை. தோல் நோய்க்கான மரபணுவும் கால்மன் மரபணுவும் சேர்ந்தே போன துண்டு அது. இரண்டு வருடம் கழித்து, 1991-இல், அனோஸ்மினுக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதை அனோஸ்-1 என்கிறார்கள், பழைய பெயர் கால்-1.

இப்போது பக்கத்து வீட்டுக் கதை புரியும். ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் மரபணு எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில், நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் உள்ளே தள்ளி அனோஸ்-1. பத்து லட்சம் என்றால் பெரிய தூரமாகத் தெரியும், எக்ஸ் முழுவதற்கும் 15 கோடிக்கு மேல் எழுத்துகள் இருப்பதை நினைத்தால் இது ஒரே தெரு. செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தை வெட்டி எடுக்கும்போது கத்திரி கொஞ்சம் வழுக்கினால் பக்கத்துப் பத்திச் செய்தியும் சேர்ந்து போய்விடுமே, அந்த மாதிரி. செய்திக்கும் விளம்பரத்துக்கும் எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான மரபணு நோய்களில் மரபணுவுக்குள் ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கும். இந்தத் தோல் நோயில் மட்டும் பத்தில் ஒன்பது பேருக்கு மரபணு முழுதாகவே காணாமல் போயிருக்கும். காரணம், அதன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான எழுத்து வரிசைகள் இருக்கின்றன. கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும், அப்போது இந்த வரிசை எது அந்த வரிசை எது என்று குழம்பித் தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டால் நடுவில் இருப்பது கழன்றுவிடும். வழக்கமாகக் கழலும் துண்டு சுமார் 16 லட்சம் எழுத்து நீளம், அது அனோஸ்-1 வாசலுக்கு முன்பே நின்றுவிடுகிறது. அதனால்தான் பெரும்பாலோருக்குத் தோலோடு முடிகிறது. வெட்டு இன்னும் உள்ளே போனால் கால்மனும் சேரும். அதையும் தாண்டினால் கண்ணின் நிறமிக்கான மரபணு, நுனிப் பக்கமாக நீண்டால் அறிவு வளர்ச்சி, எலும்பு, உயரம் தொடர்பான மரபணுக்கள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். ஒருவருக்கு என்னென்ன வரும் என்பது வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைப் பொறுத்தது. இரண்டு பையன்களுக்கு ஒரே மாதிரிச் செதில் இருக்கும், மற்றதெல்லாம் வேறாக இருக்கும்.

ஆண்களுக்கு மட்டும் ஏன் என்றால், ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதில் இல்லாதது இல்லாததுதான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். பொதுவாக ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அணைக்கப்பட்டுவிடும், ஆனால் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் மரபணு அதற்குத் தப்பி இரண்டு எக்ஸிலும் வேலை செய்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று தோலைக் காப்பாற்றிவிடும். குறையுள்ள எக்ஸைச் சுமக்கும் தாய்க்கு ஒவ்வொரு பிரசவத்திலும் ஆண் குழந்தை என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் நோய் வரும், பெண் குழந்தை என்றால் அதே வாய்ப்பில் அவளும் சுமப்பாள். நோயுள்ள அப்பாவிடமிருந்து மகன்களுக்கு வராது, ஏனென்றால் அப்பா மகனுக்குத் தருவது ஒய். மகள்கள் எல்லோருமே சுமப்பார்கள். தாத்தாவின் தோல் பேரனிடம் திரும்பி வருவது இப்படித்தான். அம்மாவின் அப்பாவையும் அம்மாவின் சகோதரர்களையும் பற்றி விசாரித்தால் பல நேரம் கதை அங்கே கிடைக்கும்.

வாசனை தெரியாததை யாரும் கண்டுபிடிக்காமலே வருடங்கள் ஓடும். பிறந்ததிலிருந்து தெரியாதவனுக்குத் தனக்கு ஒன்று குறைகிறது என்பதே தெரியாது. பூவை நீட்டினால் எல்லோரும் முகர்ந்து "நல்லா இருக்கு" என்கிறார்கள், அவனும் முகர்ந்து நல்லா இருக்கு என்பான். அடுப்பில் ஏதோ தீய்வதைப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கவனிக்காதவனைச் சோம்பேறி என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதனால் "வாசனை தெரியுமா" என்று கேட்டால் போதாது, கண்ணை மூடச் சொல்லி எதையாவது முகரவைத்து என்ன வாசனை என்று கேட்க வேண்டும். வீட்டில் இப்படிச் செய்து பார்ப்பது ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான், முடிவை மருத்துவமனையின் மோப்பப் பரிசோதனை சொல்லட்டும். இன்னொரு விசித்திரமான அடையாளமும் சிலருக்கு உண்டு. வலது கையால் எழுதும்போது மேசை மேல் சும்மா இருக்கும் இடது கை விரல்களும் தாமாகவே அதே மாதிரி அசையும், கண்ணாடியில் பார்ப்பது போல. எக்ஸ் வழிக் கால்மனில் சிலருக்குச் சிறுநீரகமும் ஒன்றுதான் இருக்கும், அதனால் வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

குழந்தையாக இருக்கும்போதே துப்பு கிடைப்பதும் உண்டு. ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை ஏறி இறங்கும், ஒரு குட்டி ஒத்திகை மாதிரி. கால்மன் குழந்தைக்கு அது நடக்காது. ஆணுறுப்பு சிறிதாக, விரைகள் இறங்காமல் இருந்தால், கூடவே தோலும் உரிந்துகொண்டிருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய பையன்களில் 14 வயதாகியும் விரைகள் வளர ஆரம்பிக்கவில்லையென்றால் பார்க்க வேண்டிய நேரம். அதை அளக்க மருத்துவரிடம் ஒரு மணிமாலை இருக்கும், 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை வரிசையாக 12 மணிகள் கோத்தது. ஒரு கையில் மாலை, மறு கையில் தொட்டுப் பார்த்து ஒப்பிடுவார். 4 மில்லி மணியைத் தொட்டுவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பையன் கூச்சப்படுவான், இரண்டு நிமிடம்தான் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

உறுதிசெய்வது இப்போது சிரமமில்லை. ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் மைக்ரோஅரே என்ற பரிசோதனை செய்தால் எந்தத் துண்டு இல்லை, எதிலிருந்து எதுவரை இல்லை என்பது தெரிந்துவிடும். அனோஸ்-1 பத்திரமாக இருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தோலுக்கான வைத்தியம் தினசரி வேலை. கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையாகத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் களிம்பு பூச வேண்டும். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த களிம்புகள் செதிலை இளக்கும். சாலிசிலிக் அமிலமும் இளக்கும்தான், ஆனால் சிறு குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசினால் ரத்தத்தில் சேர்ந்து ஆபத்தாகலாம், கேட்காமல் பூச வேண்டாம். நாரும் கல்லும் வைத்துத் தேய்ப்பது புண்ணாக்கும், வேறு எதுவும் செய்யாது. இந்தக் குறைபாட்டையே மாற்றும் மருந்து இல்லை, பூசுவதை நிறுத்தினால் செதில் திரும்பும்.

ஹார்மோன் பக்கம் நிலைமை இதைவிட நல்லது. டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகவோ ஜெல்லாகவோ குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள், குரல் உடையும், மீசை வரும், தசை ஏறும், எலும்பும் வலுப்படும். எலும்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு அது சீக்கிரமே வலுவிழக்கும். இந்த ஊசியால் விந்தணு உண்டாகாது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே பையனிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட வேண்டும், பலருக்கு அது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியவருகிறது. குழந்தை வேண்டுமென்றால் பிட்யூட்டரி அனுப்பாத ஹார்மோன்களுக்குப் பதிலாக எல்எச் மாதிரியே வேலை செய்யும் எச்சிஜி, அதோடு எஃப்எஸ்எச் ஊசிகளைப் போடுவார்கள், அல்லது சிறிய பம்பு ஒன்றை உடம்பில் மாட்டி ஜிஎன்ஆர்எச்சையே விட்டுவிட்டுச் செலுத்துவார்கள். விந்தணு தென்பட மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும், ஆனால் பலருக்கு வந்துவிடுகிறது. வாசனையைத் திருப்பித் தர மட்டும் வழியில்லை. வீட்டில் புகை, எரிவாயுக் கசிவு இரண்டையும் சத்தம் போட்டுச் சொல்லும் கருவிகளை மாட்டிவிடுங்கள், கெட்டுப்போன சாப்பாட்டை அவனால் முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால் தேதி எழுதி வைக்கப் பழக்குங்கள்.